விரலைப் பிடிப்பதற்கு முன்னால்: சத்துவாச்சாரியில் வீடு வாங்கியபோது பேசியதும் பேசாமல் விட்டதும்

செவ்வாய்க்கிழமை என்றால் நைனா, அதாவது என் அப்பா, வீட்டில் இருக்க மாட்டார். விடிவதற்குள் வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். பள்ளிக்கூட லீவில் என்னையும் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். இரண்டு பேர் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, வாயே திறக்காமல், விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பதை அங்கேதான் பார்த்தேன். எல்லோரும் அந்தத் துண்டைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் துண்டு விழுவதற்கு முன்னால் அரை மணி நேரம் வேறு வேலை நடக்கும். நைனா மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கறவை என்றால் கறந்தே பார்ப்பார். பழைய கயிறு யாருக்கு என்பதுகூட அதற்குள் முடிவாகியிருக்கும். விரல் கடைசியில்தான்.

46 வயதில் வீடு வாங்கக் கிளம்பியபோது எனக்கு இது எதுவுமே ஞாபகம் வரவில்லை. அந்த மறதிக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டினேன்.

காட்பாடிப் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே நாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. விலையை ஒரே நாளில் பேசி நாலு லட்சம் குறைத்துவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்தில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வங்கியில் இருந்து இன்ஜினியர் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: பிளான் அப்ரூவல் கீழ்த்தளத்துக்கு மட்டும். மேல்தளம் காகிதத்தில் இல்லவே இல்லை. கடன் கிடையாது என்றார்கள். வீட்டை விற்பவரிடம் போனால், “நான் விக்க ரெடியாத்தான் கீறேன், வாங்க முடியாதது நீங்க. அட்வான்ஸ் எப்பிடி திரும்பும்?” என்றார். எழுதிய நாலு வரியில் கடன் என்ற வார்த்தையே இல்லை. அவரை நான் என்ன கேட்க முடியும்?

அதற்குப் பிறகு வாங்கியது சத்துவாச்சாரியில் இப்போது இருக்கும் வீடு. 2023 வைகாசியில் ஒப்பந்தம், ஆவணியில் கிரயம். சொன்ன விலை 62 லட்சம், முடித்த விலை 56.5 லட்சம். இதை வைத்து அக்கம்பக்கத்தில் யார் வீடு பார்த்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கணக்கு டீச்சர் என்பதால் பேரம் வரும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல் பார்ப்பது

வீட்டை மூன்று தடவை பாருங்கள், மூன்று வேறு நேரங்களில். நம் வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மதியம் மூன்று மணிக்குப் போய், மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஃபேனைப் போட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்கள். காலையில் போனால் எல்லா வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும். நான் மூன்று மணிக்குப் போனபோது மேல் சுவரில் கையை வைக்க முடியவில்லை. மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து, காரை வெடித்திருந்தது. இரண்டாவது தடவை, காலை ஆறு மணிக்கு. அப்போதுதான் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்றாலும், போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். தெருவுக்குத் தெரு உப்பு மாறும். மூன்றாவது, நல்ல மழை பெய்த மறுநாள். கன்சால்பேட்டையில் நிக்கல்சன் கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் மழைக்காலத்தில் வீடு எப்படி இருக்கும் என்று அவர்களே சொல்வார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெருவில் விசாரியுங்கள். கோடை விலையை மழைக்காலக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கூடவே டேப் எடுத்துப் போய் அளந்துவிடுங்கள். பத்திரத்தில் நாற்பது அடி இருக்கும், சுவருக்குச் சுவர் முப்பத்தெட்டரைதான் இருக்கும். சதுர அடிக்கு விலை பேசும்போது அந்த ஒன்றரை அடி பெரிய பணம்.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசாமல் வீடு வாங்காதீர்கள். யார் வீடு எத்தனை மாதமாக விற்பனைக்கு இருக்கிறது, எதற்காக விற்கிறார்கள், அண்ணன் தம்பிக்குள் பேச்சு உண்டா இல்லையா, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டைப் பற்றி அவர் சொன்னது இரண்டே வார்த்தை: “காலேஜ் ஃபீஸ்மா.” விற்கும் அண்ணன் தம்பியில் மூத்தவருடைய பெண்ணுக்கு ஜூனில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த இரண்டு வார்த்தையின் மதிப்பு ஒன்றரை லட்சம். பின்னால் சொல்கிறேன்.

குறையை வாயால் சொன்னால் அது குத்தம் சொல்வதாகிவிடும். “ஓதமா? எங்க ஓதம்? நாங்க இருபது வருசமா இருந்தோமே!” என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப் போய்க் காட்டி, ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து, எஸ்டிமேட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடியில் தட்டோடு மாற்ற, பாத்ரூம் கசிவுக்கு, பழைய ஒயரிங் பிடுங்கிப் போட என்று எனக்கு 2,35,000 வந்தது. பேச்சின்போது அந்தக் காகிதத்தை டேபிளில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். காகிதத்தோடு யாரும் சண்டை போடுவதில்லை.

இன்னொன்று, வீட்டைப் பார்க்கும்போது உங்கள் வீட்டுக்காரர் முகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். என்னுடையவர் கொல்லையில் இருந்த கறிவேப்பிலை மரத்தைப் பார்த்ததும், “இந்த மாதிரி வீடுதாங்க தேடிகினு இருந்தோம்” என்று சொல்லிவிட்டார். புரோக்கர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

காகிதம்

இதைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடகு எல்லாவற்றையும் காட்டுவது), தாய்ப் பத்திரம் (முந்தைய மூலப் பத்திரம்), பட்டா, பிளான் அப்ரூவல், சொத்துவரி ரசீது. வீட்டு வசதி வாரியத்து வீடு என்றால், வாரியம் முதல் ஒதுக்கீட்டுதாரருக்குக் கிரயப் பத்திரம் போட்டுக் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்திரம் வங்கியில் அடகு இருந்தால் பயப்பட வேண்டாம், அதையும் ஒரு நிபந்தனையாகப் பேசிக்கொள்ளலாம்: பாக்கித் தொகையை வங்கிக்கே நேராகக் கட்டுவோம், அசலை அங்கேயே வாங்கிக்கொள்வோம். ஒரு வக்கீலிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். பத்திரம் எழுதுபவரே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

வேகமாகச் சொல்ல முடியாத ஒன்று உண்டு: யார் யார் கையெழுத்து? எங்கள் வீடு ஒரு பெரியவர் பெயரில் இருந்தது. அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. உயிலும் கிடையாது. இரண்டு மகன், ஒரு மகள். மகள் ஓசூரில் இருக்கிறார். “தங்கச்சி ஒண்ணும் கேக்காது டீச்சர், சீர் செனத்தி எல்லாம் அப்பவே செஞ்சாச்சு” என்றார் மூத்தவர். தங்கச்சி கேட்கிறாரா இல்லையா என்பது என் பிரச்சினையே இல்லை. சட்டப்படி அவருக்கும் சம பங்கு. தமிழ்நாட்டில் 1989லேயே பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று சட்டம் வந்தாயிற்று, 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தில் அதற்கும் பல வருடம் முன்பிருந்தே பங்கு உண்டு. கிரயத்தன்று வந்து கையெழுத்துப் போடுவார் என்ற பேச்சையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். “அவங்க வர்ற தேதியச் சொல்லுங்க, அன்னிக்கே பணம்” என்றேன். அப்பா, அம்மா இருவருடைய இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பேச்சு.

விலையைத் திறந்தே வையுங்கள்

காட்பாடியில் நான் செய்த தப்பு இதுதான். விலையை முதலில் முடித்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் ஒவ்வொன்றும் நச்சரிப்பாகத் தெரியும். “அதான் நாலு லட்சம் கொறச்சிட்டோமே, இன்னும் இன்னா?” என்பார்கள். விலை முடியாதவரைக்கும் அதே விஷயங்கள் எல்லாம் பேரத்தின் பகுதி. அதனால், அவர்கள் ஒரு எண் சொன்னால் நீங்களும் ஒரு எண் சொல்லிவிட்டு, “அது இருக்கட்டும், மத்ததைப் பேசுவோம்” என்று நகர்ந்துவிடுங்கள்.

“உங்ககிட்ட எவ்ளோ வெச்சிருக்கீங்க?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். வங்கி எவ்வளவு கடன் தரும் என்பதைப் புரோக்கரிடமும் சொல்லாதீர்கள். நம் ஊரில் இன்னொரு வாதம் வரும்: சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், வி.ஐ.டி. காலேஜ் பிள்ளைகள், “வாடகை கொட்டும்மா!” சரி, கொட்டட்டும். மாசம் 14,000 வாடகை என்றார்கள். வருஷத்துக்கு 1,68,000. 62 லட்சத்துக்கு அது மூன்று சதவீதம்கூட இல்லை. இதை அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு வாடகைப் பேச்சு வரவில்லை.

புரோக்கரை எதிரியாக நினைக்க வேண்டாம். அவருக்கு ஒரு சதவீதம். விலை ஒரு லட்சம் குறைந்தால் அவருக்கு ஆயிரம் ரூபாய்தான் நஷ்டம், பேச்சு முறிந்தால் அரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். அவருக்கு வேண்டியது வியாபாரம் முடிவது. “57க்கு மேல் என்னால் ஆகாது, வேறு வீடு பார்க்கிறேன்” என்று அவரிடம் தனியாகச் சொன்னால், அன்று சாயந்திரமே அது அந்தப் பக்கம் போய்ச் சேரும். கமிஷன் கிரயம் முடிந்த அன்றைக்குத்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் பேச்சு 58க்கும் 55க்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது. மூத்தவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். நானும் பேசவில்லை. சும்மா இருப்பது ரொம்பக் கஷ்டம், என் வீட்டுக்காரர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார், நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் கேட்டேன்: “அண்ணா, அட்வான்ஸ் அஞ்சு லட்சம்னு பேசினோம். பத்து லட்சமா ஜூன் முதல் வாரத்துக்குள்ள தந்தா?” அவர் காபியைக் கீழே வைத்தார். தம்பியைப் பார்த்தார். 56.5க்கு வந்தது அப்படித்தான். என்னிடம் இருந்த பணத்தைத்தான் கொடுத்தேன், கொஞ்சம் முன்னால் கொடுத்தேன். அவருக்கு நாள் முக்கியம், எனக்கு ரூபாய் முக்கியம். எந்த வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். சிலருக்கு மூன்று மாதம் அதே வீட்டில் இருக்க வேண்டும், சிலருக்கு தை மாசக் கல்யாணத்துக்குள் பணம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இஸ்திரி வண்டிக்காரர்.

ஒரு எச்சரிக்கை. பெரிய அட்வான்ஸ் என்பது மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்த பிறகு மட்டும்தான். தமிழ்நாட்டில் 2012இல் இருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறிவிடும். நம்மை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்க முடியாது. அதற்கு முன்னால் நல்ல நாள் பார்த்து அச்சாரம் கொடுக்க வேண்டும் என்றால், வெற்றிலை பாக்கோடு ஆயிரத்தொன்று போதும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

முதல் வரியே கடன். “வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், மறுத்த கடிதத்தைக் காட்டிய 15 நாளுக்குள் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும்.” காட்பாடியில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் என் ஒரு லட்சம் இன்று என்னிடம் இருக்கும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர், தன் பத்திரத்தில் ஏதோ இருக்கிறது என்று அவரே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் கணக்கையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சம் வரை கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். இது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. முத்திரைத்தாள் செலவு அந்த மதிப்பில் சேராது, அது முழுக்க நம் கைக்காசு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 56.5 லட்சத்துக்கு 5,08,500. பேரத்தில் குறைத்த ஐந்தரை லட்சம் இப்படியே போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

கிரயத்துக்குக் கெடு: 90 நாள் என்று எழுதும்போது காலண்டரைப் பாருங்கள். கடைசி நாள் ஆடியில் விழுந்தால் யாரும் பதிவுக்கு வர மாட்டார்கள். “ஆவணி முடிவதற்குள்” என்று வாயால் சொன்னாலும் பத்திரத்தில் ஆங்கிலத் தேதி போட்டுவிடுங்கள். அவர்கள் தாமதித்தால் என்ன, நாம் தாமதித்தால் என்ன என்பதும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

பிறகு, வருமானவரிப் பிடித்தம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. அட்வான்ஸ் கொடுக்கும்போதும் பிடிக்க வேண்டும். எனக்கு மொத்தம் 56,500 ரூபாய், மூன்று பேருக்கும் தனித்தனிப் படிவம். “எங்களுக்கு 56.5 கையில வரணும்” என்றார் தம்பி. அந்த ‘கையில’ என்ற சொல்லில்தான் ஐம்பத்தாறாயிரம் ஒளிந்திருக்கிறது. பிடித்தம் போகத்தான் கைக்கு வரும் என்று எழுதிக்கொண்டேன். பணம் மூன்று பேர் வங்கிக் கணக்கிலும் தனித்தனியாகத்தான் போட வேண்டும். அண்ணன் கணக்கில் மொத்தமாகப் போட்டுவிட்டு, தங்கச்சிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நாம் கவலைப்பட முடியாது.

“40க்கு பத்திரம் போட்டுக்கலாம், மீதி ரொக்கமா குடுத்துடுங்க, உங்களுக்கும் ஸ்டாம்ப் செலவு மிச்சம்” என்றும் வந்தது. மிச்சம் 1,48,500. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே வருமானவரிச் சட்டப்படி தப்பு. பதினாறரை லட்சத்துக்கு ரசீது இல்லாமல் போகும், பேச்சு முறிந்தால் கேட்க நாதி இல்லை. நாளை நான் விற்கும்போது 40க்கு வாங்கியதாகத்தான் கணக்கு, லாபத்துக்கு வரி என் தலையில். வேண்டாம் என்றேன்.

மின்சாரம், தண்ணீர் வரி, சொத்துவரி எல்லாம் பதிவு நாள் வரை அவர்கள் கட்டி ரசீது தர வேண்டும். வீடு காலியாக, சாவியோடு, பதிவன்றே. வாடகைக்காரர் இருந்தால் அவரைக் காலி செய்வது அவர்கள் வேலை.

கடைசியாக, வீட்டில் எது இருக்கும், எது போகும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவோம், பிறகு போய்ப் பார்த்தால் மோட்டார் இருக்காது, ஃபேன் மாட்டிய இடத்தில் ஒயர் தொங்கும். நான் ஒரு பட்டியலே போட்டேன்: போர் மோட்டார், சின்டெக்ஸ் தொட்டி, ஆறு ஃபேன், இன்வெர்ட்டர், இரும்பு கேட், கொல்லையில் இருக்கும் ஆட்டுக்கல்.

ஒப்பந்தத்தன்று ஓசூரில் இருந்து அந்தத் தங்கச்சி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலுக்கு வந்ததும் நின்றார். “ஆட்டுக்கல் அம்மாவோடது. அத மட்டும் நான் எடுத்துக்கவா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார், அண்ணன்களைப் பார்க்கவில்லை. நான் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆவணியில் நாலு ஆள் வந்து அதைப் பெயர்த்துத் தூக்கி மினி லாரியில் ஏற்றினார்கள். சிமெண்ட் தரையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தது. மேஸ்திரி எஸ்டிமேட்டில் அது இல்லை.